கீழ்ப்படியில் இரண்டு, மேல்படியில் இரண்டு

"அண்ணே, நீங்க சுவரைப் பார்த்து உட்காருங்க. ஒரே படியில ரெண்டு எலக்ட்ரான் இருந்தா ஆளுக்கொரு பக்கமாத்தான் சுழலணும்."

மாமா மாடிப்படியின் உச்சியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பக்கத்தில் அக்கா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போவதாக வந்தவர்கள். அதற்குள் சுவரில் காலண்டரே மாறிவிட்டது.

கீழ்ப்படியில் அக்காவின் தம்பி லிப்ட் மெக்கானிக்கும், அவன் மனைவி கெமிஸ்ட்ரி டீச்சரும். நாளைக்கு அவள் வகுப்பில் பிரின்சிபால் வந்து உட்காரப் போகிறாராம். பாடம் பிடித்தால்தான் வேலை நிரந்தரமாம். அதனால் வீட்டிலேயே ஒத்திகை; நாலு பேரும் எலக்ட்ரான்கள்.

"ரெண்டு அணு சேர்ந்தா எலக்ட்ரானுக்கு ரெண்டு படி கிடைக்கும். அதான் மூலக்கூறு ஆர்பிட்டால். கீழ்ப்படியில இருக்கறவங்க அணுக்களைச் சேர்த்துப் பிடிப்பாங்க. மேல்படியில இருக்கறவங்க பிரிப்பாங்க. ஒரு படிக்கு ரெண்டு பேருதான்."

"லிப்ட் மாதிரி. ஆள் கூடினா கதவு சாத்தாது," என்றான் மெக்கானிக் பெருமையாக.

"கீழ இருக்கறதுல மேல இருக்கறதைக் கழிச்சுப் பாதியாக்கினா பிணைப்புத் தரம். இப்ப எவ்வளவு?"

"பூஜ்யம்," என்றார் மாமா சுவரிடம்.

"ஆமாண்ணே. பூஜ்யம்னா அந்த மூலக்கூறே நிக்காது. பிரிஞ்சிடும்."

அக்கா மேல்படியையும் கீழ்ப்படியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ உங்க ரெண்டு பேரையும் நாங்க பிரிக்கறோம். அப்படித்தானே?" என்றாள் அக்கா.

"ஐயோ அண்ணி, நான் சொன்னது ரெண்டு ஹீலியம் அணுவை!"

"யாருடி ஹீலியம்?"

மெக்கானிக் அவசரமாக எழுந்தான். அக்கா கோபித்தால் சொந்தபந்தம் பூராவும் போன் அடிக்கும். "அக்கா, நீ கீழ வா. நான் மேல போறேன்."

இடம் மாறினார்கள்.

"இப்பவும் பூஜ்யம்தாங்க," என்றாள் டீச்சர். "மேல யார் போனாலும் பிரிக்கத்தான் செய்வாங்க."

"பார்த்தீங்களா! என் தம்பியையும் சேர்த்துட்டா!"

"சரி, சரி, பழைய இடத்துக்கே வாங்க," என்று அவன் கீழே ஓடிவந்தான். அக்கா மேலே ஏறினாள். "மாமா, நீங்க கொஞ்சம் வாசல்பக்கம் நில்லுங்களேன்."

மாமா இறங்கி வெளியே போனார்.

"அரை!" டீச்சர் கைதட்டினாள். "ஒருத்தர் போனதுமே பிணைப்பு வந்துடுச்சு!"

மெக்கானிக்குக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கெமிஸ்ட்ரி புரிந்தது. சந்தோஷத்தில் துள்ளினான். "அப்ப அக்காவும் போயிட்டா முழுசா ஒண்ணு!"

நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குள் மாடியில் பெட்டி மூடும் சத்தம்.

"அக்கா, அது பாடம்க்கா!"

"பாடம்தான்டா. நல்லாவே படிச்சிருக்கே."

டாக்ஸி தெருமுனை திரும்பும்வரை கெஞ்சிக்கொண்டே ஓடினான். மூச்சு வாங்கத் திரும்பி வந்து கீழ்ப்படியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"எல்லாம் என் வாய்! நாளைக்கு உன் வகுப்பாவது நல்லா நடக்கட்டும்."

அவள் மாடி அறைப் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள், ஏதோ முணுமுணுப்பாகப் பாடியபடி.

வாசலில் பக்கத்து வீட்டுத் தையல்காரி எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், நாளைக்கு உங்க ஸ்கூல் லீவுதானே, எங்க வீட்டுலயும் இதே பாடத்தை எடுத்துடுங்க, நாத்தனார் பெட்டியோட வந்து இறங்கிட்டா, எங்க வீட்டுல மாடிப்படி இல்ல, ஆனா ஏணி இருக்கு!"