மச்சான் பீரோவும் நாலு டியூபாவும்

மச்சானின் பீரோவை இந்த ஜென்மத்தில் தூக்குவதில்லை என்று போன வாரம் கண்ணாடி முன் நின்று முடிவெடுத்தேன். மீசைகூட அதை ஆமோதித்தது.

காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மச்சான், அதாவது மனைவியின் பெரியண்ணன், வீடு மாற்றுகிறார். அவருடைய இரும்பு பீரோ மூன்று மாடி ஏற வேண்டும். அதே ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கச்சேரி. புல்லாங்குழல் கிடையாது, வயலின் கிடையாது. டியூபாவும் டிராம்போனும் மட்டும். மடியில் வைத்தால் ஆளையே மறைத்துவிடுகிற பித்தளை வாத்தியம் டியூபா. அதை நேரில் கேட்க வேண்டுமென்று பல வருஷமாய் ஏங்குகிறேன். டிக்கெட்தான் தீர்ந்துவிட்டது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மனைவியிடம் போனேன்.

"முதுகு பிடிச்சுக்கிச்சு."

"எப்போ?"

"இப்பத்தான். பீரோவெல்லாம் ஆகாது."

"பாவம். படுத்துக்கோங்க."

"படுக்கக் கூடாதாம். நிமிர்ந்து உட்காரணும். அந்த டியூபா சத்தம் இருக்கே, அடியிலேருந்து அதிரும். அது முதுகெலும்புல இறங்கினா வலி பறந்துடும்."

"யார் சொன்னா?"

"ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க."

என் ஆபீஸில் எல்லாரும் என்றால் நானும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும்தான். நல்லவேளை, அவள் மேலே துருவவில்லை.

"எதிர்வீட்டுத் தம்பி அங்கதான் டியூபா வாசிக்குது. ஒரு இடம் கேட்டுப் பார்க்கறேன்" என்றாள்.

வாங்கியே வந்துவிட்டாள். அதுவும் முன்வரிசை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பீரோவை இனி யார் தூக்குவார்கள் என்று நான் கேட்கவில்லை. வலியக் கேட்டு மாட்டிக்கொள்ள நான் என்ன முட்டாளா?

ஞாயிறு சாயங்காலம் மண்டபத்தில் விளக்கு அணைந்தது. நாலு டியூபாவும் ஒன்றாய் முழங்கின. முதல் சுரம் காது வழியாக வரவில்லை, செருப்பு வழியாக ஏறியது. நாற்காலி அதிர்ந்தது, சட்டைப் பொத்தான் அதிர்ந்தது, மதியம் சாப்பிட்டது வயிற்றுக்குள் இடம் மாறி உட்கார்ந்தது. டிராம்போன்காரர்கள் குழலை நீட்டி நீட்டி இழுத்தபோது மூக்கைக் காப்பாற்றப் பின்னால் சாய்ந்துகொண்டே கைதட்டினேன். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

முடிந்ததும் எதிர்வீட்டுத் தம்பி நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணே, ஆரம்பிக்கலாமா? லிஃப்ட் ஓடலை. நாலு டியூபாவும் படியில இறங்கணும்."

"இறக்குங்க. என்கிட்ட ஏன் சொல்றே?"

"அண்ணி சொல்லலையா? காலையில நாங்க நாலு பேரும் போய் பீரோவை ஏத்திட்டு வந்தோம். வாசிக்கத்தான் தெம்பு மிச்சம் வெச்சிருந்தோம். டியூபாவை இறக்கறது நீங்கன்னு பேச்சு. அதுக்குத்தான் முன்வரிசை."

"எனக்கு முதுகுவலிப்பா."

"முன்வரிசையில உட்கார்ந்துமா? பறந்துடும்னு நீங்களே சொன்னீங்களாமே."

மேடையிலிருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். வலி பறந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டேன்.

பெட்டியோடு டியூபாவைத் தூக்கியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். பீரோவாவது நேராக இருக்கும். இது எங்கே பிடித்தாலும் வேறெங்கோ இடிக்கிறது.

கோணிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

"கச்சேரி எப்படி?" என்றாள் மனைவி.

பொய் சொல்ல மனசு வரவில்லை. "பிரமாதம். இன்னொரு தடவை கேட்கணும் போல இருக்கு."

"தெரியும். அடுத்த மாசக் கச்சேரிக்கும் இடம் சொல்லிவெச்சுட்டேன்" என்றாள். "எங்க சின்னண்ணனும் வீடு மாத்தறார்."