கொக்கு வரைந்து கொடுத்த மனு

எங்கள் தெருக் குழாயில் பதினெட்டு நாளாகத் தண்ணீர் இல்லை. மனு கொடுக்கப் போனால், குடிநீர் அலுவலகத்தில் புது அறிவிப்பு ஒட்டியிருந்தது. எழுதிய மனு இனி செல்லாதாம். குறையை இயற்கைக் காட்சியாக, நீர்வண்ணத்தில் வரைந்து தரவேண்டும். அதிகாரி உள்ளுணர்வால் புரிந்துகொள்வார். எழுத்துக்கூட்டிப் படிக்கிற எனக்கு இது நல்லதாய்த்தான் பட்டது.

வற்றின குளமும் ஒரு கொக்கும் வரைந்தேன். மடியிலிருந்த பிள்ளை பச்சையில் கையைத் தோய்த்து நடுவில் அப்பிவிட்டது.

அதிகாரி படத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தார்.

"இந்தப் பச்சைக் கை?"

"பிள்ளை வச்சதுங்க."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. அது துளிர்க்கும் நம்பிக்கை. கொக்கு பொறுமையின் குறியீடு. அதாவது, காத்திருக்கச் சம்மதம்னு நீங்களே வரைஞ்சிருக்கீங்க."

"ஐயா, தண்ணி வரலைங்க."

"வாயால சொல்லக்கூடாது. உள்ளுணர்வு கலைஞ்சிடும்."

கிளார்க் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். "சார், ஈரமா இருக்கு."

"தண்ணி இல்லாத வீட்ல ஈரம் எப்படிம்மா?"

"மாடிவீட்டு அக்கா அரை டம்ளர் கொடுத்தாங்க."

"ஆக, தெருவுல தண்ணி இருக்கு. மனு தள்ளுபடி."

மறுநாள் கலர் பென்சிலால் வரைந்து போனேன். நீர் இல்லாததால் அது நீர்வண்ணம் ஆகாது என்றார்கள். மூன்றாம் நாள் பிள்ளைக்குப் பல் முளைக்கிற நேரம். வாயில் ஒழுகியதைத் தொட்டே முழுப் படத்தையும் முடித்தேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இதுல ஒரு தாய்மை கசியுது," என்று கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் மேளதாளத்தோடு வந்து, குழாயைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் சட்டம் போட்ட அருவிப் படம் ஒன்றை மாட்டினார்கள்.

"உள்ளுணர்வு இருக்கறவங்களுக்குச் சலசலன்னு கேக்கும்," என்றார் அதிகாரி.

தெருவே காதைத் தீட்டி நின்றது. "கேக்குது," என்றார் தையல்காரர். "எனக்குச் சாரலே அடிக்குது," என்று முந்தானையால் முகம் துடைத்தாள் மாடிவீட்டு அக்கா. துடைத்த கையோடு குடத்தையும் முதல் ஆளாக வைத்துவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். யாரிடமும் குரல் உயர்த்தாதவள் நான். "என் பிள்ளை எச்சில்ல வந்த அருவி இது, அக்கா. நீங்க பின்னால போங்க," என்று அவள் குடத்தை நகர்த்தி என் குடத்தை வைத்தேன்.

என் வீட்டுக்காரர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"தண்ணி இன்னும் அடியிலதான் கிடக்குது," என்றார். "காலையில சீக்கிரமே வந்திருக்கணும்."