கூரை ஓட்டையின் பேரழகு

எங்கள் ஹார்லெம் நகரத்துப் பணக்காரர்கள் ஏழைகளை நேசித்ததுபோல் உலகில் எவரும் நேசித்ததில்லை. சட்டம் போட்டு, ஆணி அடித்து, வரவேற்பறைச் சுவரில் மாட்டி நேசித்தார்கள்.

மீன் வியாபாரி ஸ்னூக் தம் குடிசையில் வாடகைக்குக் குடியிருந்த அலைடாவின் அடுக்களையை வரைந்துவர ஓவியர் ஃப்லோரிஸை அனுப்பினார். அலைடாவுக்குத் தலைகால் புரியவில்லை. கூரையில் ஓட்டை, அதன் நேர் கீழே மகள் லிஸ்பெத்தின் படுக்கை, லிஸ்பெத்துக்கு ஓயாத இருமல். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். படத்திலாவது எஜமான் பார்க்கட்டும்! வீட்டைத் தேய்தேய் என்று தேய்த்து வைத்தாள்.

ஓவியர் வாசலிலேயே அலறினார். "ஐயோ, என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க! தரையில முகம் தெரியுதே!"

"ஊரார் பாக்கற படங்க. மானம் போயிடக் கூடாதில்ல?"

"மானத்தை யாரும்மா வாங்குறான்? அழுக்குதான் விலை போகும்."

அவரே சாம்பலை வாரி இறைத்தார். பன்றியை உள்ளே அழைத்து வந்தார். அலைடாவின் கணவன் கையில் ஒரு பெரிய பீர்க் குவளையைத் திணித்தார்.

"அவரு குடிக்கவே மாட்டாருங்க!"

"படத்துல குடிப்பாரும்மா."

அலைடா பல்லைக் கடித்துக்கொண்டாள். "என்னமோ பண்ணுங்க. அந்த ஓட்டையை மட்டும் நல்லாத் தெரியற மாதிரி போட்டுடுங்க, புண்ணியமாப் போகும்."

"அதுதானே படத்துக்கே உயிர்!" என்றார் கலைஞர்.

இலையுதிர்கால மழை தொடங்கியதும் அவள் ஸ்னூக் வீட்டுக்குப் போனாள். மரச்செருப்பை வாசலில் விட்டு உள்ளே நுழைந்தபோது, எஜமான் படத்தின் முன் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எப்பேர்ப்பட்ட இளகிய மனம்!

"வா அலைடா. அந்த ஓட்டை வழியா ஒரு வெளிச்சம் இறங்குது பாத்தியா? அடடா!"

"மழையும் அதே வழியாத்தாங்க இறங்குது. இருமி இருமிப் புள்ள துரும்பாயிட்டா. கொஞ்சம் அடைச்சுக் குடுத்தீங்கன்னா..."

ஸ்னூக் பதறிப்போனார். "அடைக்கறதா? அப்புறம் என் படம் பொய்யாயிடாதா?"

தலைக்கு மேலே தடதடவென்று சுத்தியல் சத்தம்.

"அது என்னங்க எஜமான்?"

"இங்க கூரையை மாத்தறாங்க. மழை ஒழுகிச் சுவர் ஈரமானா படம் கெட்டுப்போகுமாம்."

அலைடா படத்தருகே போனாள். மூலைப் படுக்கையில் விரற்கடை அளவுக்கு ஒரு சிறுமி சுருண்டு கிடந்தாள்.

"இது எங்க லிஸ்பெத்துங்க. இவளை நனையாமப் பாத்துக்கறீங்களே, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். வீட்டுல கிடக்கறவளை மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க, நான் பொதைச்சுக்கறேன்."