குண்டுப்பிள்ளை உருண்டை

நான் இதுவரை எழுதிய ஒரே கற்பனைக் கதை, என் மகளின் ஒரு வாரச் சாப்பாட்டுக் குறிப்பு. அது மூன்று பேரிடம் போனது. முதல் ஆள் மருந்து தந்தார். இரண்டாவது ஆள், நகரசபை உதவிக்கு விண்ணப்பிக்கச் சொன்ன கையோடு ஒரு கேள்வி கேட்டார். மூன்றாவது ஆள் என் மனைவி. அவள் தந்ததை முழுதாக இங்கே எழுத முடியாது.

பத்து வருடங்களுக்கு முந்திய கதை. நாங்கள் சுவிஸில், ஓல்டன் என்ற ஊரில் இருந்தோம் (இப்போதும் அங்கேதான், என் மரியாதைதான் இடம்பெயர்ந்துவிட்டது). எனக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. மனைவி சுகந்தி துப்புரவு வேலையை விட்டுவிட்டு, முதியோர் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். மூன்று வருடப் படிப்பு. "நீர் படியும், பிள்ளையின்ர சாப்பாட்டை நான் பாக்கிறன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான்தான்.

பிள்ளை ஆரணிக்கு அப்போது ஆறு வயது, கிண்டர்கார்டன். மெல்லிய உடம்பு. பள்ளிக்கூட டொக்டர் அளந்து நிறுத்துப் பார்த்து, எல்லாம் சரி என்று எழுதித்தான் தந்திருந்தார். ஆனால் அவர் வெறும் டொக்டர். ஓர்லிகோனில் இருக்கும் என் அக்கா அப்படியா? தன்னுடைய இரண்டு பிள்ளைகளையும் உருட்டிவிடும் பதத்துக்கு வளர்த்தெடுத்தவர். ஒரு பிறந்தநாள் விழாவில் ஆரணியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்:

"தாய் படிக்கப் போனா பிள்ளை உப்பிடித்தான் காயும்."

சுகந்தி பிள்ளையின் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுவிட்டாள். வீடு திரும்பும் ரயிலில், "நத்தார் பண்டிகைக்குள்ள பிள்ளை தேறாட்டி நான் படிப்பை விடுறன்" என்று மட்டும் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் எத்தனை ஆசையோடு சேர்ந்த படிப்பு என்று எனக்குத் தெரியும். அது இப்போது என் கையிலிருந்த சோற்றுத் தட்டில் தொங்கியது.

அன்று முதல் தட்டோடு சோபாவைச் சுற்றி ஓடினேன். ஆரணி முன்னால், நான் பின்னால். ஒரு வாய்க்கு ஒரு கதை, ஒரு கெஞ்சல், ஒரு மிரட்டல். வேலையிடத்தில் பல் இல்லாதவர்கள்கூட என் சமையலைச் சாப்பிட்டார்கள். புதுப் பல் முளைத்த என் மகள் சாப்பிடவில்லை.

கூட வேலை செய்த ஒரு சுவிஸ் பெண்தான் வழி காட்டினார். சோலோதுர்னில் சீன வைத்தியம் செய்யும் ஒரு டொக்டர் இருக்கிறாராம், குழந்தைகளின் வயிற்றுக்குக் கெட்டிக்காரியாம். போன் எடுத்தேன். பிள்ளை ஒரு வாரம் என்னென்ன சாப்பிட்டாள் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். சுத்தமாக மறந்துவிட்டேன். ஓல்டனில் ரயில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

உண்மையை எழுதுவதென்றால் ஒரு வரி போதும்: இரண்டு வாய் சோறு, மூன்று வாய் திட்டு. ஆனால் நான் சமையல்காரன். முன்பின் தெரியாத ஒரு டொக்டர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? ரயில் சோலோதுர்ன் போய்ச் சேர்வதற்குள் ஏழு நாட்களுக்கும் எனக்குத் தெரிந்த டொச் மொழியில் (ஜெர்மன்தான்) தாளிலேயே சமைத்து இறக்கிவிட்டேன். திங்கள் மதியம் இடியப்பம், சொதி, மீன் பொரியல். செவ்வாய் மதியம் புட்டு, இறால் குழம்பு, அவித்த முட்டை. புதனுக்கு ஆட்டிறைச்சி. இடையிடையே பால், பழம், வடை. வெள்ளி மட்டும் மரக்கறி (பொய்யிலும் விரதம் காத்தேன்).

டொக்டர் வயதான சீனப் பெண்மணி. பக்கத்தில் டொச் மொழிக்கு மாற்றிச் சொல்ல ஒரு பெண் இருந்தார். ஆரணியின் நாக்கைப் பார்த்தார், வயிற்றை மெல்லத் தட்டினார். பிறகு என் குறிப்பை அந்தப் பெண்ணை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இறால் குழம்பில் புருவம் ஏறியது. ஆட்டிறைச்சியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் கண்டுபிடித்தது இதுதான்: இந்தப் பிள்ளை அளவுக்கு மிஞ்சிச் சாப்பிடுகிறது. சாப்பாடு செரிக்காமல் வயிற்றில் தேங்கி நிற்கிறது. இவ்வளவும் உடம்பில் ஒட்டவில்லை என்றால், பங்கு கேட்க உள்ளே பூச்சியும் இருக்கலாம்.

குழந்தைகளின் அசீரணத்துக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் சீனாவில் பழைய காலத்திலிருந்து கொடுக்கும் கூட்டு மருந்து ஒன்றை எழுதினார். பெயர் என்ன என்று கேட்டேன். மொழிபெயர்த்த பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, குண்டுப்பிள்ளை உருண்டை என்றார். என் மனம் குளிர்ந்துவிட்டது. அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்து போனது. சரக்குப் பட்டியலைப் பார்த்தேன்: சாதிக்காய், முளைவிட்ட பார்லி, ஏதோ கசப்பு வேர், பாக்கு. நம்முடைய பாக்கேதான். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாக்குக் கொடுக்க சோலோதுர்ன் வரை ரயில் ஏறியிருக்கிறேன்.

கூடவே பத்தியம். இரண்டு வாரத்துக்கு வீட்டில் வெறும் அரிசிக் கஞ்சியும் கரட்டும். முட்டை, இறைச்சி, இனிப்பு எதுவும் கூடாது. அந்த இடத்தில் வாயைத் திறந்து, எழுதியது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் நன்றி சொல்லி, கை கொடுத்துவிட்டு, மருந்தோடு வெளியே வந்தேன்.

"நான் எப்ப அப்பா இறால் சாப்பிட்டனான்?" என்று ஆரணி ரயிலில் கேட்டாள். சன்னலுக்கு வெளியே ஒரு மாட்டைக் காட்டினேன்.

உருண்டை கொடுங்கசப்பு. வாழைப்பழத்தில் மறைத்தேன், தேனில் குழைத்தேன், எல்லாவற்றையும் துப்பினாள். நல்ல ருசி என்று நடித்துக் காட்ட ஒவ்வொரு தரமும் நானே ஒன்றை விழுங்கினேன். மூன்றாம் நாள் அவளுக்குக் கொடுப்பதையே விட்டுவிட்டேன். மிச்சம் வீணாகக் கூடாதென்று நானே சாப்பிட்டு முடித்தேன். பிறகு எனக்கு வந்த பசியைச் சொல்லி மாளாது. மருந்தில் ஒரு குறையும் இல்லை, குண்டான பிள்ளைதான் வேறு. ஆரணி கஞ்சியைக் குடித்து இன்னும் இளைத்தாள். சுகந்தியிடம் டொக்டர் சொன்ன பத்தியம் என்றேன். குறிப்பைக் காட்டவில்லை.

இரண்டாவது வார முடிவில் கிண்டர்கார்டன் ஆசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். குழந்தைகளின் குட்டிக் கதிரையில் என் புது வயிற்றோடு உட்கார்ந்தேன். ஆசிரியை மிக மெதுவாகத் தொடங்கினார். பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டில் ஆரணி எப்போதும் இரண்டு தட்டு மக்ரோனி சாப்பிடுகிறவளாம். இப்போது மூன்று தட்டாம். பாண் (ரொட்டி) துண்டுகளை வேறு சட்டைப் பைக்குள் வைக்கிறாளாம். வீட்டில் கஞ்சி மட்டும்தான் என்கிறாளாம். என் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, கஷ்டம் எல்லோருக்கும் வரும், வெட்கப்படத் தேவையில்லை, நகரசபையில் உதவி கேட்கலாம் என்று ஒரு படிவத்தை எங்கள் பக்கம் தள்ளினார்.

சமையல்காரனைப் பார்த்து, பிள்ளையைப் பட்டினி போடுகிறாயா என்கிறார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஜாக்கெட் பைக்குள் கிடந்த குறிப்பை எடுத்து, ஆதாரமாக மேசையில் வைத்தேன். புத்தி கெட்டவன் என்று வேறு யாரைச் சொல்வது?

ஆசிரியை ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிறகு எந்தக் கள்ளமும் இல்லாமல் கேட்டார்: திங்களும் செவ்வாயும் ஆரணி மதியம் இங்கே எங்களோடுதானே சாப்பிடுகிறாள், இந்த இடியப்பத்தை எப்போது சாப்பிட்டாள்?

சுகந்தி தாளைத் தன் பக்கம் இழுத்து வாசித்தாள். "இவ்வளவும் ஆரப்பா சமைச்சது?" என்று தமிழில், குரலை உயர்த்தாமல் கேட்டாள். நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுகந்தி வெளியே விளையாடிக்கொண்டிருந்த ஆரணியைக் கூப்பிட்டு, ஏன் இங்கே மட்டும் சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். ஆரணி யோசிக்கவே இல்லை.

"இஞ்ச ஒருத்தரும் என்ர வாயைப் பாக்கிறேல்ல அம்மா."

வீட்டுக்கு நடக்கும்போது சுகந்தி கைப்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்துக் காட்டினாள். படிப்பை விடுகிறேன் என்று எழுதிய கடிதம். பிள்ளை இரண்டு வாரமாக இளைத்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, நாளைக்குக் கொடுக்க இருந்தாளாம். எனக்கு அழுகை வந்தது. எதைக் காப்பாற்ற ஓடினேனோ அதை என் கையாலேயே முடிக்கப் பார்த்திருக்கிறேன். சுகந்தி கடிதத்தை நான்காகக் கிழித்தாள். பிறகு அங்கேயே நின்று என் அக்காவுக்குப் போன் எடுத்தாள்.

"பிள்ளை பள்ளிக்கூடத்தில மூண்டு தட்டுச் சாப்பிடுறாள் மச்சாள். உங்கட தம்பியைத்தான் ஒருக்கால் டொக்டருக்குக் காட்ட வேணும்."

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாருடைய தட்டையும் பார்ப்பதில்லை. சுகந்தி படித்து முடித்து, இன்று ஒரு முதியோர் இல்லத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்குகிறாள். யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று பார்த்து எழுதுவது அங்கே முக்கியமான வேலை. அதைப் பழக்கும் முதல் நாளில் என் கதைதான் பாடம். போன குளிர்காலத்தில் அவர்களுடைய வேலையாட்கள் விருந்துக்குப் போனேன். இரண்டாம் தரமாக உருளைக்கிழங்கை அள்ளும்போது, நான் முன்பு பார்த்தேயிராத, புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். இதை நான் எழுதட்டுமா, அல்லது வழக்கம்போல் நீங்களே எழுதுவீர்களா என்று மிக மரியாதையாகக் கேட்டாள். பக்கத்தில் சுகந்தி தண்ணீர்க் குவளையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள், ஆனால் குடிக்கவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின.