ஜப்பான் சம்பந்தம்

ஒரு விஷயத்தை நேராகச் சொல்லத் தைரியமில்லாதவர்களுக்காகத்தான் குறியீடு என்ற ஒன்றைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் சுத்தமாகக் கிடையாது. குறியீடு மட்டும் தேவைக்கு மேல் தெரியும் (தெரியும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்).

கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் படித்தேன். ராஜபாளையத்தில் கிளம்பும் கல்லூரிப் பேருந்து எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போகும். அதில் ராஜபாளையத்திலேயே ஏறி, எனக்கு ஜன்னலோர இருக்கையில் பையைப் போட்டு வைத்து, யார் கேட்டாலும் ஆள் வருது என்று சொல்லிக்கொண்டு வந்தவன் பிரசன்னா. படிப்பு முடிந்ததும் அவன் அவனுடைய அப்பாவின் பேண்டேஜ் துணித் தறிகளைப் பார்க்கப் போய்விட்டான். எனக்குச் சென்னை நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். வாடிக்கையாளர்கள் எல்லாம் ஜப்பான்காரர்கள். காலையில் அம்மா பால் காய்ச்சும் நேரத்தில் நான் கணினி முன்னால் உட்கார்ந்து அவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பிரசன்னா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்கள் வீட்டில் தமிழ். அப்பா ராணுவத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மாப்பிள்ளையைப் பற்றி இருந்தது ஒரே நிபந்தனை. "நம்ம பேச்சு பேசுற வீடா இருக்கணும்" என்பார். பெண் கேட்டு வந்த தரகர் ஒருவரிடம் அவர் இதைச் சொன்ன தொனியைக் கேட்ட பிறகு, எனக்குப் பிரசன்னாவின் பெயரை உச்சரிக்கவே நா எழவில்லை.

அப்போதுதான் அந்தப் படம் கண்ணில் பட்டது. வடகிழக்கு மலை ஊர் ஒன்றில் டீக்கடை நடத்தும் ஒரு பெண். தேயிலை பற்றிப் படிக்க வந்த ஒரு ஜப்பான் பையன். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. பேசாமலே காதலிக்கிறார்கள். படம் முழுக்கக் கோப்பை, பாலம், பனி, பாதி திறந்த கதவு. நான் இரண்டு முறை பார்த்து இரண்டு முறையும் அழுதேன். அப்பாவும் அம்மாவும் இதைப் பார்த்தால் மனம் இளகும், பக்கத்தில் உட்கார்ந்து உள்ளர்த்தத்தை மட்டும் நான் எடுத்துக்கொடுத்தால் போதும் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் தொலைக்காட்சியில் போட்டுவிட்டேன்.

முதல் காட்சியில் மேஜை மேல் இரண்டு கோப்பைகள். ஒன்றுக்குக் கைப்பிடி இருக்கிறது, ஒன்றுக்கு இல்லை. இரண்டும் வேறு வேறு பண்பாடு, ஆனால் உள்ளே இருப்பது ஒரே டீ என்று விளக்கினேன். கைப்பிடி உடைந்ததைத் தூர எறியாமல் ஏன் வைத்திருக்கிறாள் என்று அம்மா கேட்டாள். அடுத்து ஒரு பாலம் வந்தது. இரு கரைகளும் தங்கள் இடத்திலேயே இருக்க, பாலம் அவற்றைச் சேர்க்கிறது என்றேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவர்கள் பிரிவு போடுகிற பாலமாம். நட்டுகளைச் சரியாக முடுக்கவில்லையாம். அந்தக் காட்சி முடிந்தும் வெகுநேரம் அவர் அந்த நட்டுகளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

படம் முடியப் போகிறது, ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பதற்றம் கூடிவிட்டது. கதாநாயகி பாதி திறந்த கதவருகே அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். இதுதான் தருணம் என்று அப்பா பக்கம் திரும்பிச் சொன்னேன்.

"அப்பா, அந்தப் பொண்ணு நான்னு வச்சுக்கோங்க."

அப்பா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப அந்தப் பையன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து அறைக்குள் ஓடிவிட்டேன் (வெட்கமாம்). ஓடிய வேகத்தில் பிரசன்னாவுக்கு, "அப்பாவுக்குப் புரிஞ்சிடுச்சு" என்று செய்தி அனுப்பினேன்.

அப்பாவுக்குப் புரிந்தது வேறு. தன் மகள் ஒரு ஜப்பான்காரனைக் காதலிக்கிறாள் என்று அவர் புரிந்துகொண்டார். காலையில் கணினியில் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாளே, அதுவே சாட்சியாகிவிட்டது. இது எனக்குத் தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது.

அடுத்த நாட்களில் வீடு துக்க வீடு போல இருந்தது. தெலுங்கு பேசுகிற வீடு என்பதால் வருத்தப்படுகிறார்கள் என்று நினைத்து நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். நாமாகத் துருவக் கூடாது, அவளே சொல்லட்டும் என்று அப்பா உத்தரவு போட்டிருந்தாராம். அம்மாவால் அவ்வளவு பொறுக்க முடியவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

"ஏட்டி, அவிய பாஷை உனக்குப் பேச வருமா?"

"கேட்டா புரியும்மா. பேசக் கொஞ்சம் திக்கும்."

"எழுத்து?"

"எழுத்து எதுக்கும்மா? அவங்களுக்கே எழுதப் படிக்கத் தெரியாது."

பிரசன்னா வீட்டார் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கைப் பேச மட்டும்தான் செய்கிறார்கள், எழுதுவதெல்லாம் தமிழ்தான் என்ற பொருளில் சொன்னேன். தேடித் தேடி எழுத்தறிவில்லாத ஒரு ஜப்பான்காரனைப் பிடித்திருக்கிறாளே என்று அம்மா அன்று இரண்டு வெங்காயத்துக்கு அழ வேண்டியதை இருபது வெங்காயத்துக்கு அழுதாள்.

கடைசியில் அப்பாதான் இறங்கி வந்தார். மகள் மனம் நோகக் கூடாது, அவர்களை வரச் சொல் என்றார். யார் யார் வருவார்கள் என்று விசாரித்தார். அவரும் அவருடைய அப்பா அம்மாவும், காரில் வருவார்கள் என்றேன். மதுரை விமான நிலையத்திலிருந்து காரில் என்று அப்பா தானாகவே நிரப்பிக்கொண்டார். வயதானவர்கள் இவ்வளவு தூரம் வருகிறார்களே என்று அவர் உருகியபோது, என் அப்பா எவ்வளவு பெரிய மனிதர் என்று நான் பூரித்துப்போனேன்.

துணைக்கு வத்திராயிருப்பிலிருந்து அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு கூடை மாங்காயோடு வந்து இறங்கினார். வந்ததிலிருந்து அவர் கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து இடுப்பை வளைத்துக்கொண்டிருந்தார். பேருந்தில் வந்த இடுப்புப் பிடிப்பு என்று நினைத்து நான் தைலம் எடுத்துக்கொடுத்தேன். அவரும் வாங்கித் தடவிக்கொண்டார். அடுப்படிக்குள் என்னை விடவே இல்லை. கல்யாணப் பெண் மேல் கரி படக் கூடாது என்றாள் அம்மா.

கார் வந்து நின்றது. பிரசன்னாதான் ஓட்டி வந்திருந்தான். அவன் அப்பாவும் அம்மாவும் தாம்பாளத்தோடு இறங்கினார்கள். வாசலில் என் அப்பாவும் மாமாவும் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு இடுப்பு வரை குனிந்தார்கள். சில நொடிகள் நிமிரவே இல்லை. பிரசன்னாவின் அப்பா ஒரு கணம் திகைத்தார். பிறகு, மரியாதையில் ராஜபாளையம் குறைந்துபோய்விடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் குனிந்தார். பழத்தட்டைப் பிடித்தபடி அவன் அம்மாவும் குனிய, இரண்டு ஆப்பிள் உருண்டு வாய்க்கால் பக்கம் போயின. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தலை சுற்றியது.

அம்மா அவர்களை உள்ளே அழைத்துப்போனாள். மாப்பிள்ளை தன் சார்பில் பேச ஏற்பாடு செய்த உள்ளூர்ப் பெரியவர்கள் என்று நினைத்திருக்கிறாள். அப்பா பிரசன்னாவின் தோளைப் பிடித்துக் காரருகே தள்ளிக்கொண்டு போனார். நான் ஜன்னல் கம்பியில் காதை வைத்தேன்.

"தம்பி, நீங்கதான் ரெண்டு பாஷையும் பேசுறவரா?"

"ஆமா சார். வீட்ல அது, வெளிய தமிழ்."

"ரொம்பச் சந்தோஷம். மாப்பிள்ளை கார்லயா இருக்காக?"

பிரசன்னா காருக்குள் எட்டிப் பார்த்தான். அப்பாவும் பார்த்தார். பின் இருக்கையில் ஒரு பை மட்டும் இருந்தது.

"மாப்பிள்ளை வரலையா?" அப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"நான்தான் சார் மாப்பிள்ளை" என்றான் பிரசன்னா, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் போல.

"நீங்களா? எந்த ஊரு?"

"ராஜபாளையம் சார்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் கோப்பை, பாலம், கதவு எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் விளங்கின. பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். துவைக்கிற கல்லில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அருகில் போய்ப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தது.

"ராஜபாளையமாட்டி" என்றார். "பஸ் ஏறுனா செத்த நேரத்துல வந்துரலாமேட்டி."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்துக் காட்டினார். அவருக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோக்கள். அம்மா கழுத்து நிறைய நகை போட்டு முறைத்துக்கொண்டிருந்தாள். அத்தனை தூரத்தில் நீ போய்விட்டால் வருஷத்துக்கு ஒரு தரமாவது வந்து பார்க்க வேண்டாமா, அதற்குத்தான் எடுத்தேன் என்றார். இனியாவது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வாழ்க்கையில் முதல்முறையாக நேராகச் சொன்னேன்.

"அவங்க தெலுங்கு பேசுறவங்கப்பா."

"பேசிட்டுப் போகட்டும்ட்டி" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

உள்ளே போகும் முன் அம்மாவையும் மாமாவையும் அடுப்படிக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னார். ஜப்பான் என்ற சொல் சம்பந்தி வீட்டார் காதில் விழவே கூடாது, மானம் போய்விடும் என்று கட்டளையும் போட்டார். அம்மாவுக்கு அப்போது வேறு கவலை. இலை போட்டாகிவிட்டது. ஜப்பான்காரர்களுக்கு ஆகாதே என்று சாம்பாரிலிருந்து ரசம் வரை எதிலும் மிளகாய் போடவில்லை, உப்பும் பெயருக்குத்தான். பருப்புப் பொடியில் நாக்குப் பழகிய அந்தக் குடும்பம் அத்தனையையும் சிரித்த முகத்தோடு சாப்பிட்டது. பிரசன்னாவின் அம்மா, வயிற்றை ஒன்றும் செய்யாத சாப்பாடு என்று மனதாரப் பாராட்டவும் செய்தார்.

அந்தப் பாராட்டுதான் வினையாகப் போயிற்று. அவர்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். கல்யாணம் முடிந்து இத்தனை வருஷமாகியும், சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றால் எங்கள் வீட்டில் உப்பு ஜாடி பரணுக்குப் போய்விடும். கல்யாணத்தன்று நடந்தது இன்னும் விசேஷம். பெண் வீட்டு வழக்கம் இதுதான் என்று முன்கூட்டியே சொல்லி அழைத்து வந்திருந்ததால், ராஜபாளையத்து உறவுக்கூட்டம் மொத்தமும் மண்டப வாசலில் வரிசையாக நின்று குனிந்தது. பதிலுக்கு எங்கள் பக்கத்தில் அப்பாவும் மாமாவும் முகூர்த்த நேரம் வரை குனிந்து நிமிர்ந்துகொண்டே இருந்தார்கள்.

பிரசன்னாவுக்கு எல்லாம் தெரியும். ஆனால் மாமனாருக்குக் கொடுத்த வாக்கு என்று வாயைத் திறப்பதில்லை. என் மாமியார் இன்றைக்கும் உறவினர்களிடம் எங்களைப் பற்றிப் பெருமையாகத்தான் சொல்கிறார்: "எங்க சம்பந்தி வீட்ல உப்புதான் கொஞ்சம் கம்மி. மரியாதைன்னா, ஒரு தரம் போய்ட்டு வந்தா நமக்கு ரெண்டு நாளைக்கு இடுப்பு வலிக்கும்."