சார் வந்ததும் எழுந்து நின்றார்கள்

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. இண்டர்மீடியட் பாஸ் செய்தவன் என்றுதான் சொன்னேன். (அதுவும் பொய்தான். ஆனால் சின்னப் பொய். மற்ற பாடங்களிலெல்லாம் தேறிவிட்டேன். இங்கிலீஷ் ஒன்றில்தான் இரண்டு தடவை குப்புற விழுந்திருந்தேன்.)

அப்படி விழுந்தவன் மரியாதையாக ஊருக்குப் போய் அப்பாவோடு பருத்திக் காட்டில் நிற்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கோயமுத்தூரிலேயே ஒரு மாடி அறை பிடித்து, இண்டர் பரீட்சைக்குப் போகும் பையன்களுக்கு இங்கிலீஷ் டியூஷன் ஆரம்பித்தேன். முப்பத்தைந்து, முப்பத்தாறாம் வருஷம் இருக்கும். இங்கிலீஷை ஏன் பிடித்தேன் என்றால், நான் மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்த பாடம் அது ஒன்றுதான். எந்தெந்த இடத்தில் விழலாம் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு எம்.ஏ. படித்தவருக்குக்கூடத் தெரியாது.

மூன்று பையன்கள் சேர்ந்தார்கள். பெருந்துறை மாரப்ப கவுண்டர் மகன் சின்னசாமி, மாதா கோயில் தெரு ஆரோக்கியசாமி, வெள்ளகோவிலிலிருந்து ஒரு முத்துசாமி. மூவருக்கும் பதினேழு, பதினெட்டு வயது. மூவருக்கும் மீசை இருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. என் மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தால் அவர்களுடைய தம்பி மாதிரி இருப்பேன். ஆகவே சித்தப்பாவிடம் ஒரு கறுப்புக் கோட்டு வாங்கி, கோடையிலும் அதைக் கழற்றாமல் நடமாடினேன். இன்னொரு சட்டமும் போட்டேன்: சார் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், சார் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். பாடத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இதில் கறாராக இருந்தேன். பாவம், தங்கமான பையன்கள், ஒரு நாள்கூடத் தவறவில்லை.

இடையில் ஒரு நாள், பையன் எப்படிப் படிக்கிறான் என்று சொல்லிவிட்டு வரப் பெருந்துறைக்குப் போனேன். மோர் கொண்டுவந்து வைத்தது சின்னசாமியின் அக்காள் மயிலாத்தாள். வைத்தவள் உள்ளே போகாமல் நின்று, "எம்பட தம்பிக்கு இங்கிலீசு வருதுங்களா, இல்லீங்களா? நெசத்தச் சொல்லுங்க" என்று கேட்டாள். என்னிடம் அதுவரை யாரும் நிஜத்தைக் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்வியில் நான் காலி.

என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ, மாரப்ப கவுண்டர் படித்துவிட்டார். ஊர், குலம் எல்லாம் விசாரித்துவிட்டு, அம்மணியை இண்டராவது பாஸ் பண்ணியவருக்குத்தான் கொடுப்பது என்று இருக்கிறோம், பையன் பரீட்சை முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்றார். நான் தலையை ஆட்டினேன். வரும் பரீட்சையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து பாஸ் செய்துவிட்டால் பொய் நிஜமாகிவிடும், மயிலாத்தாளும் எனக்குத்தான் என்று கணக்குப் போட்டேன்.

திருச்சியில் எழுதுகிறேன் என்று மனுப் போட்டிருந்தேன். ஹால் டிக்கெட் கோயமுத்தூருக்கே வந்தது. என் பையன்கள் எழுதும் அதே காலேஜ், அதே ஹால். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு யோசனை வந்தது. (எனக்கு யோசனை வரும்போதெல்லாம் யாராவது என்னைப் பிடித்துக் கட்டிப்போட்டிருக்க வேண்டும்.) பரீட்சையன்று ஈரோட்டில் ஒரு காதுகுத்து இருக்கிறது என்று பையன்களிடம் சொன்னேன். எல்லோரும் உட்கார்ந்து குனிந்த பிறகு, கடைசி நிமிஷத்தில் நழுவி என் இடத்தில் உட்கார்ந்துவிடுவதாகத் திட்டம்.

அன்று காலை முதல் மணி அடித்துக் கொஞ்ச நேரம் கழித்து உள்ளே நுழைந்தேன். கோட்டையாவது அறையில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். அதில்லாமல் தெருவில் இறங்கினால், ஏனுங்க உடம்புக்குச் சரியில்லீங்களா என்று நாலு பேர் விசாரிப்பார்களே என்று போட்டுக்கொண்டே போயிருந்தேன்.

ஹால் நிறைய பையன்கள். ஒருவரும் குனிந்திருக்கவில்லை, கேள்வித்தாளே இன்னும் கொடுக்கவில்லை. சின்னசாமி என்னைப் பார்த்தான். சட்டென்று எழுந்து நின்றான். ஆரோக்கியசாமி எழுந்தான். முத்துசாமி எழுந்தான். நம் பக்கத்துப் பையன்கள்தானே, நாலு பேர் மரியாதைக்கு எழுந்தால் மற்றவர்களுக்கு உட்கார்ந்திருக்க மனசு வருமா? யார், எவர் என்று தெரியாமலே ஹால் மொத்தமும் எழுந்து நின்றது.

மேடையில் சூப்பர்வைசர் இருந்தார், கண்ணாடி போட்ட வயதான வெளியூர்க்காரர். ஹாலே எழுந்ததைப் பார்த்து அவரும் எழுந்துவிட்டார். என் கோட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"வாங்க சார், வாங்க. இன்னொருத்தர் வருவார்னு சொன்னாங்க. தனி ஆளா தவிச்சுட்டிருக்கேன்" என்று கேள்வித்தாள் கட்டில் பாதியைத் தூக்கி என் கையில் வைத்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஐயா, நான் பரீட்சை எழுத வந்தவன் என்று ஐந்தே வார்த்தை. ஆனால் மூன்று ஜோடிக் கண்கள் பெருமை தாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. இங்கே வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் பெருந்துறைக்குச் செய்தி போய்விடும். முதலில் தாளைக் கொடுப்போம், பிறகு பெரியவர் காதோடு காதாகச் சொல்லிக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். "உட்காருங்கள்" என்று ஹாலைப் பார்த்துச் சொல்லவும் செய்தேன். ஹால் உட்கார்ந்தது. (அந்த ஒரு கணம் நன்றாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.)

கொடுத்துக்கொண்டே வந்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு காலி மேஜை. அதில் ஒட்டியிருந்தது என் நம்பர். என் நாற்காலி, என் மைக்கூடு வைக்கும் குழி, எனக்கு வர வேண்டிய விடைத்தாள். அதன்மேல் எனக்கு நானே ஒரு கேள்வித்தாளை வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனேன்.

கையில் மிஞ்சிய தாளைப் படித்துப் பார்த்தேன். ஐயோ, அந்த வயிற்றெரிச்சலை என்னவென்று சொல்வேன். எல்லாக் கேள்விக்கும் எனக்குப் பதில் தெரிந்தது. ஒரு வருஷமாக அந்த மூன்று மண்டைகளில் ஏற்றுவதற்காகத் தொண்டை கிழியக் கத்தியதில், எனக்கே தெரியாமல் எனக்கும் ஏறியிருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக இங்கிலீஷ் பரீட்சை எனக்குப் புரிகிறது, நானோ நின்றுகொண்டிருக்கிறேன்.

அரை மணி தாண்டினால் யாரையும் எழுத விடமாட்டார்கள். இருபது நிமிஷம் ஆனதும் துணிந்து மேடைக்குப் போய், "சார், ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். பெரியவர் உதட்டில் விரலை வைத்து, நாமே பேசினால் பையன்கள் என்ன செய்யமாட்டார்கள் என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடியும் போவதற்குள் சின்னசாமி கூடுதல் தாள் கேட்டுக் கை தூக்கினான். அதை வாங்கிக்கொண்டு, "நீங்க சொன்னதேதானுங்க எல்லாம் வந்திருக்குது" என்று கிசுகிசுத்தான். உன் வாயில் சர்க்கரை போட வேண்டுமடா என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் அரை மணிக்கான மணி அடித்துவிட்டது.

பெரியவர் வருகைப் பட்டியலை நீட்டினார். வராதவர்களைக் குறிக்க வேண்டும். ஹால் முழுக்க வராதவர் ஒருவர்தான். என் பெயருக்கு நேராக, என் பேனாவால், என் கையெழுத்திலேயே 'ஆப்சென்ட்' என்று எழுதினேன். பெரியவர் அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "பாவம், யார் பெத்த பிள்ளையோ, என்ன ஆச்சோ" என்றார்.

"உடம்புக்கு முடியாம இருக்குமுங்க" என்றேன். அது நிஜம்.

நிஜமாகவே வர வேண்டிய இன்னொரு சூப்பர்வைசர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் கடைசிவரை வரவில்லை. ஒரு தாள் போனால் மொத்தமும் போன மாதிரிதான். மத்தியானம் இரண்டாம் தாளுக்கு நான் அந்தப் பக்கமே தலை காட்டவில்லை. சின்னசாமியோ, சர்வகலாசாலையே நம் சாரைக் கூப்பிட்டு ஹாலை ஒப்படைத்தது என்று பெருந்துறை முழுக்கப் பரப்பிவிட்டான். கவுண்டர் ஆள் அனுப்பினார். போனேன். பேச்சு வைகாசியில் முகூர்த்தம் வரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தாலி கட்டிவிடலாம். அப்போதுதான் அவர், ஜில்லா போர்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை காலி இருக்கிறது, உங்கள் இண்டர் சர்ட்டிபிகேட்டைக் கொடுங்கள், சொல்லி வைக்கிறேன் என்றார்.

கதவோரம் மயிலாத்தாளின் சேலை தெரிந்தது. அவள் அன்றைக்கே நிஜத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டவள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கவுண்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "உங்க பேருக்கு நேரா நீங்களே எழுதுனீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

உள்ளே மயிலாத்தாள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் பெண்பிள்ளை அப்படிச் சிரித்து அதுவரை யாரும் கேட்டதில்லை. அவளுடைய அம்மா அதட்டினார். இவள் நிறுத்தவில்லை. கவுண்டர் மீசையைத் தடவித் தடவிப் பார்த்தார், அவருக்கும் அடங்கவில்லை.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "செப்டம்பர்ல மறுக்கா எழுதுங்க. பாஸ் பண்ணுனா தையில வெச்சுக்கலாமுங்க. தொணைக்குச் சின்னசாமி வருவான். நீங்க உள்ள போயி உக்காந்துட்டீங்களான்னு பாத்துப்போட்டு வரட்டும்."

ஜூனில் மூன்று பையன்களும் பாஸ். செப்டம்பரில் என் மாணவன் என்னைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போய், நாற்காலியில் உட்கார வைத்து, உட்கார்ந்தபின் ஒரு தடவை ஜன்னல் வழியாகவும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனான். மூன்றாம் வகுப்பில் தேறினேன். தையில் கல்யாணம்.

நாற்பது வருஷமாகிறது. கல்யாண வீடோ, கச்சேரியோ, ரயில் பெட்டியோ, நான் எங்கே நுழைந்தாலும் மயிலாத்தாள் நாலு பேர் கேட்க, "மொதல்ல உக்காருங்க" என்பாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அசலூர்க்காரர்கள் மட்டும், கொங்கு நாட்டில் புருஷனுக்கு எவ்வளவு மரியாதை என்று ஆச்சரியப்படுவார்கள்.