காட்டேரியும் தண்ணீர் ஷிப்டும்

காட்டேரி பாய்வதற்கு ஒரு நொடி முன்னால் என் வீட்டுக்காரர் பிரதாப் டீ கிளாஸைப் பத்திரமாகக் கீழே வைத்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது அங்கேதான். முந்தின இரண்டு எபிசோடிலும் அது பாய்ந்தபோதெல்லாம் டீயை என் புடவையில் கொட்டிய மனுஷர் இவர்.

நாங்கள் பார்ப்பது ஒரு ஹீப்ரு சீரியல். ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பைகள் காணாமல் போகின்றன. அங்கே வேலை செய்கிறவர்களில் யாரோ ஒருவர் ரத்தக்காட்டேரி. யார் என்பதுதான் கதை. கான்வென்ட்டில் பத்து வருஷம் முட்டி போட்டதில் எனக்குத் தெரிந்த ஹீப்ரு ஆமென், அல்லேலூயா இரண்டே. ஆனால் அடியில் ஓடும் இங்கிலீஷை அது ஓடுவதைவிட வேகமாகப் படிப்பேன். அவர் ஒரு வரி படிப்பதற்குள் திரையில் மூன்று பேர் செத்துப்போவார்கள். அதனால் நான் படித்துத் தமிழில் சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டே பயப்படுவார்.

ஒரே ஒரு நிபந்தனை. ஒருத்தரை விட்டு ஒருத்தர் பார்க்கக் கூடாது. பார்த்தால், எங்கள் பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பான நந்திதுர்க் லைனில் விடியற்காலையில் தண்ணீர் பிடிக்கிற ஷிப்ட், மழைக்காலம் வரை பார்த்தவர் தலையில். இதுவரை மாற்றி மாற்றித்தான் பிடித்துவந்தோம். என் இடுப்பு எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டது.

டீக்குப் பிறகு நான் டி.வி.யைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். திகில் மியூசிக் வந்தால் என் கையைப் பிடிப்பவர் முறுக்கு எடுத்தார். சவசவ என்று போகிற சீனுக்குச் சரியாக பாத்ரூம் போனார், நல்ல சீனுக்குச் சரியாகத் திரும்பி வந்தார். வெளிறிப்போன அந்த நர்ஸ் பெண் தலைகாட்டினால் மட்டும் ஒரு பெருமூச்சு.

தினம் ரயிலில் பெங்களூர் போய்வருகிறவர். கொஞ்ச நாளாகச் சீட்டுக் கச்சேரியை விட்டுவிட்டு, ஜன்னலோரம் இயர்போனோடு உட்காருகிறார் என்று அதே ரயிலில் போகிற பக்கத்து வீட்டு பாக்கியவதி சொல்லியிருந்தாள். கேட்டதற்குப் பக்திப் பாட்டு என்றார். இவருக்குப் பக்தி. நேராகவே கேட்டேன். என்னையா சந்தேகப்படுகிறாய் என்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை மூன்றுக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

மறுநாள் சாயங்காலம் நாலாவது எபிசோட். வயசான டாக்டர், "அந்தக் கதவைச் சாத்து" என்றார், அவ்வளவுதான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

"அந்த நர்ஸ்தான் காட்டேரியாம். எல்லாப் பையையும் குடிச்சது அவதானாம்."

முறுக்கு பாதியில் நின்றது. "இன்னாது? அந்தப் பொண்ணா? டாக்டரா சொல்றான்?"

"அவர்தாங்க சொல்றார். மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே, திருட்டு முழி."

"ஏ இந்து, வாய்க்கு வந்தபடி பேசாத. அவ பாவம். காட்டேரியே இந்தக் கெழவன்தான். ஆம்புலன்ஸ் டிரைவர் மட்டும் வந்து காப்பாத்தலன்னா அவளையும்…"

நிறுத்திக்கொண்டார். நான் ரிமோட்டை அமுக்கி சீரியலை நிறுத்தினேன்.

"எந்த டிரைவருங்க? இன்னும் ஆம்புலன்ஸே வரலியே."

பிறகு எல்லாம் வந்தது. ரயிலில், போனில், ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திப் படித்தாராம். பெங்களூர் போய்ச் சேருகிற வரை ஒரே காட்டேரிதானாம். கடைசி எபிசோடில் அழுதாராம். நான் குடங்களை எடுத்து வாசலில் வரிசையாக அடுக்கினேன்.

விடியற்காலையில் குழாய் சீறியது. இரண்டு குடத்தை உள்ளே கொண்டுவந்து வைத்தவர், மூன்றாவதைக் குழாயடியில் வைத்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தார். நேற்றுவரை என் முகத்தில் இருந்த சந்தேகம் இப்போது அவர் முகத்தில்.

"இந்து, முடிவையே உளறிட்டேன். முடிவச் சொன்னவன நீ உயிரோட விட மாட்டியே. டாக்டர்தான்னு நான் சொன்னப்போ நீ கண்ணக்கூட இமைக்கல. ஏன்?"

"குடம் வழியுது, பாருங்க" என்றேன்.